கைமரத்தில் 24% ஈரம்: லாஃப்ட் கூரைக்குள் சென்சார் வைத்துக் கண்காணிப்பது எப்படி?

தெற்குஹாரோ | 19 நவம்பர் 2023

எல்லோருக்கும் வணக்கம். இலண்டன் ஹாரோப் பக்கம் 1930களில் கட்டிய செமி (ஒரு பக்கம் அடுத்த வீட்டோடு ஒட்டிய) வீடு எங்களுடையது. மூன்று வருடத்துக்கு முன் வாங்கினோம். லாஃப்ட்டை, அதாவது கூரைக்கு அடியில் உள்ள இடத்தை, இரண்டு அறையாக மாற்றி, நடுவில் ஒரு சின்னக் குளியலறையும் வைத்தது எங்களுக்கு முன் இருந்தவர்கள்.

போன சனிக்கிழமை குளியலறையின் வடக்குச் சரிவுச் சீலிங்கில் ஒரு லைட் எரியவில்லை என்று கழற்றினேன். அந்த ஓட்டைக்குள் கையை விட்டால், குளிர் புகாமல் அடைத்த கண்ணாடிப் பஞ்சு பிழிந்து போட்ட துணி மாதிரி ஈரமாக இருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கைமரத்தின் (ஓட்டைத் தாங்கும் சரிவு மரம்) மேல் பாதி கரி பூசியது போல் கறுத்திருந்தது. கடையில் இரண்டு ஊசி வைத்த சாதாரண ஈரமானி ஒன்று வாங்கி வந்து குத்தினேன். எட்டிய இடத்தில் 24% காட்டியது. தெற்குச் சரிவில், பிள்ளைகளின் அறை லைட் ஓட்டை வழியாகக் குத்தினால் 15%.

இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒருவர் கூரை முழுவதையும் பிரிக்க வேண்டும் என்றார். கேட்ட தொகை எங்களால் தாங்க முடியாதது. மற்றவர் இது பழைய கறை, பெயின்ட் அடித்தால் போதும் என்றார். இருவரும் மரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

என் பிள்ளைகள் இருவரும் அந்தக் கூரைக்குக் கீழேதான் படுக்கிறார்கள். முடிவு எடுக்கும் முன் கூரைக்குள் என்ன நடக்கிறது என்று நானே அளந்து பார்க்க வேண்டும். எங்கே, எத்தனை, எந்த மாதிரி சென்சார் வைப்பது? யாராவது செய்திருந்தால் வடிவாகச் சொல்லுங்கள்.

---

கைமரம் | 19 நவம்பர் 2023

தம்பி, நான் இந்த ஊரில் இருபது வருடத்துக்கு மேல் கூரைத் தச்சு வேலை பார்த்தவன். சென்சார் பற்றிப் பேசும் முன் நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

ஓட்டுக்குக் கீழே இருப்பது கறுப்புத் தார் விரிப்பா (ஃபெல்ட்), ஆவியை விடும் புதிய வெளிர் நிற மெம்பிரேனா? கண்ணாடிப் பஞ்சுக்கும் ஃபெல்ட்டுக்கும் நடுவில் காற்றுப் போக இடைவெளி இருக்கிறதா? கைமரத்தின் ஆழம் எவ்வளவு? கறை பெரிதாவது மழைக்குப் பிறகா, மழையே இல்லாத கடுங்குளிர் இரவுக்குப் பிறகா?

கடைசிக் கேள்வியை ஏன் கேட்கிறேன் என்றால், மழை ஒழுக்கும் உள்ளிருந்து வரும் ஆவியும் சீலிங்கில் ஒரே மாதிரிக் கறையைத்தான் போடும். வைத்தியம் வேறு. வானம் தெளிவாக இருக்கும் இரவில் ஓடு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். தன் சூட்டை ஆகாயத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஊரில் தை மாசிப் பனியில் வெளியே விட்ட சைக்கிள் சீட் காலையில் நனைந்து கிடக்குமே, அதே கதைதான். வீட்டுக்குள் 20 டிகிரி, 60% ஈரப்பதம் என்றால் அந்தக் காற்று 12 டிகிரிக்கு இறங்கினாலே தண்ணீராக மாறத் தொடங்கும். உங்கள் ஓட்டின் அடிப்பக்கம் ஜனவரியில் 2, 3 டிகிரி.

---

தெற்குஹாரோ | 20 நவம்பர் 2023

அண்ணை, ஃபெல்ட் கறுப்பு. கைமரம் 100 மிமீ ஆழம். பஞ்சை ஃபெல்ட்டோடு ஒட்ட நெருக்கி அடைத்திருக்கிறார்கள், விரல் போகக்கூட இடமில்லை. பிளாஸ்டர்போர்டுக்கு (சீலிங் பலகை) பின்னால் ஆவியைத் தடுக்கும் பாலித்தீன் எதுவும் இல்லை. கறையைப் பற்றி மனைவியிடம் கேட்டேன். போன டிசம்பரில் உறைபனி விழுந்த வாரத்தில்தான் முதலில் பார்த்ததாகச் சொல்கிறார்.

---

கைமரம் | 20 நவம்பர் 2023

நினைத்தேன். தார் ஃபெல்ட் நீராவியை விடாது. ஆகவே அதற்குக் கீழே குறைந்தது 50 மிமீ வெறும் காற்றுவெளி வேண்டும். அந்த வெளிக்குக் கூரையின் கீழ் விளிம்பிலிருந்து காற்று நுழைந்து முகட்டுப் பக்கம் வெளியேற வேண்டும். உங்கள் வீட்டில் ஏறும் ஆவிக்குப் போக வழியில்லை. ஃபெல்ட்டில் பட்டுத் தண்ணீராகி, பஞ்சுக்கும் கைமரத்துக்கும் திரும்புகிறது.

ஆனால் பயப்பட்டுப் பிரித்துவிடாதீர்கள். தெற்கில் 15 என்பது நல்ல செய்தி. அதே கட்டுமானம், அதே பஞ்சு, ஆனாலும் அங்கே மரம் பிழைத்திருக்கிறது. ஒன்று, வெயில் அதைக் காய வைக்கிறது. அல்லது வடக்கில் அதிகப்படியான ஈரம் எங்கிருந்தோ வருகிறது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அளவு தேவை.

---

காளான் | 21 நவம்பர் 2023

மரத்தைத் தாக்கும் பூஞ்சைகள்தான் என் படிப்பும் வேலையும். 24 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் தவறான பக்கம் போகிறார்கள்.

மரத்தின் ஈரத்தை உலர்ந்த மரத்தின் எடைக்குத்தான் கணக்கிடுகிறோம். 24% என்றால் 100 கிராம் உலர் மரத்தோடு 24 கிராம் தண்ணீர். வீட்டுக்குள் 50% ஈரப்பதமுள்ள காற்றில் மரம் ஏறத்தாழ 9%இல் நிற்கும். காற்றில் 80% என்றால் மரம் 16%. காற்றில் 90% என்றால் 20 அல்லது 21%. சுமார் 28, 30% வரை தண்ணீர் நார்ச்சுவருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் போனால்தான் செல்லின் உள்வெளியில் தண்ணீர் தேங்கும். மரத்தை மக்க வைக்கும் பூஞ்சை காலூன்ற அந்த அளவு ஈரம் வேண்டும். துறையில் 20%ஐ எல்லைக்கோடாக வைப்பது ஒரு பாதுகாப்புக்காக: அதற்குக் கீழே மக்கல் தொடங்காது.

நீங்கள் பார்த்த கறுப்பு பெரும்பாலும் மேற்பரப்புப் பூஞ்சணம். அது 80% ஈரப்பதத்திலேயே சில வாரங்களில் வந்துவிடும், மரத்தின் பலத்தைத் தின்னாது. ஆனால் மரம் நீண்ட நாள் ஈரமாக இருந்தது என்பதற்கு அது சாட்சி. கூர்மையான குத்தூசி ஒன்றை எடுத்துக் கறுத்த இடத்தில் அழுத்துங்கள். நல்ல மரத்தில் ஓரிரு மில்லிமீட்டரோடு நிற்கும், இழுத்தால் நார் நாராகப் பிரியும். வெண்ணெயில் போவது போல் இறங்கினாலோ, மரம் சின்னச் சின்னக் கட்டமாக வெடித்திருந்தாலோ அது மக்கல்.

இன்னொன்று. உங்கள் மீட்டர் இரண்டு ஊசிக்கு நடுவில் மரத்தின் மின்தடையை அளந்துதான் ஈரத்தைச் சொல்கிறது; அது 20 டிகிரி மரத்துக்கு அளவு பார்த்துச் செய்தது. குளிர்ந்த மரத்தில் மின்தடை கூடும், மீட்டர் குறைத்துக் காட்டும். 5 டிகிரியில் இருக்கும் மரத்தில் 24 வந்தால் உண்மையில் 26 அளவில் இருக்கலாம்.

அதே குளிர் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசமும் தருகிறது. 5 டிகிரிக்குக் கீழே இந்தப் பூஞ்சைகள் கிட்டத்தட்ட உறங்கும். அவற்றுக்குப் பிடித்தது 20 டிகிரியும் அதற்குச் சற்று மேலும். ஜனவரியில் 26% இருந்து ஏப்ரலில் 18க்கு இறங்கும் கூரை பல பத்தாண்டு தாங்கும். ஜனவரியில் வெறும் 23 என்றாலும் மே, ஜூனிலும் அதே 23 இருக்கும் கூரை இற்றுப்போகலாம். ஈரமும் சூடும் சேர்ந்து நிற்கும் வாரங்கள்தான் மரத்தைக் கொல்கின்றன. ஆகவே குளிர்காலத்து உச்ச எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம். வசந்தத்தில் அது இறங்குகிறதா என்று பாருங்கள். நீங்கள் வைக்கும் எந்தச் சென்சாரும் குறைந்தது அடுத்த செப்டம்பர் வரை ஓட வேண்டும்.

---

ஓம்விதி | 21 நவம்பர் 2023

ரெடிங்கில் இருக்கிறேன். என் வீட்டுத் தட்டைக் கூரையில் இரண்டு வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன். கருவி பற்றி நான் எழுதுகிறேன்.

இரண்டு விதமான அளவு வேண்டும். மரத்துக்குள் ஊசி, கூரைவெளியின் காற்றில் வெப்ப ஈரப்பத சென்சார். மரம் மெதுவாக மாறும், அதற்கு மணிக்கு ஒரு அளவு தாராளம். காற்றைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளங்கள். மரம் என்ன ஆனது என்பதை ஊசி சொல்லும். ஏன் ஆனது என்பதைக் காற்றுச் சென்சார்தான் சொல்லும்.

ஊசிக்கு இரண்டு துருப்பிடிக்காத ஸ்டீல் ஆணி போதும். மேல் பாகத்துக்கு வெப்பத்தில் சுருங்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, நுனி மட்டும் வெறுமையாக இருக்கும்படி அடியுங்கள். இல்லாவிட்டால் மேற்பரப்பில் படிந்த தண்ணீர் இரண்டு ஆணியையும் இணைத்து, மரம் முழுவதும் நனைந்தது போல் காட்டும். மின்தடை எப்படி மாறுகிறது என்று பாருங்கள்: 27 டிகிரி டக்ளஸ் ஃபர் மரத்தில் 10% ஈரத்துக்கு சுமார் 630 மெகாஓம், 15%க்கு 18.6, 20%க்கு 2.1, 25%க்கு அரை மெகாஓமுக்கும் குறைவு. ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் போர்டில் நேராகச் சொருகினால் உலர்ந்த பக்கம் எதுவும் தெரியாது, நடுவில் உள்ளீட்டு மின்தடை மிக அதிகமான ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) ஒன்று வேண்டும். மின்சாரம் எப்போதும் ஓடக் கூடாது. சில விநாடி கொடுத்து அளந்து, அடுத்த முறை திசையை மாற்றிக் கொடுங்கள். ஒரே திசையில் விட்டால் ஆணியைச் சுற்றி அயனிகள் கூடி அளவு நகர்ந்துவிடும்.

காற்றுக்கு எஸ்எச்டி31 வகை சென்சார் எடுங்கள். டிஎச்டி22 என்ற இன்னொரு வகையை நான் முதலில் போட்டேன். வாரக்கணக்கில் 95% காற்றில் கிடந்ததும், வெளியே எடுத்த பிறகும் கூட்டித்தான் காட்டியது. எதை வாங்கினாலும் பொருத்தும் முன் உப்புச் சோதனை செய்யுங்கள். பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டு, சேறு போல் ஆகும் அளவு தண்ணீர் விட்டு, சென்சாரோடு இறுக்கமான டப்பாவில் ஓரிரவு வையுங்கள். உள்ளே 75% ஈரப்பதம் நிலைக்கும். சென்சார் 79 காட்டினால் நான்கைக் கழித்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை, இது என் சொந்தத் தவறிலிருந்து. வயருக்காக சீலிங்கில் போட்ட ஓட்டையை நான் அடைக்காமல் விட்டேன். முதல் மாதம் முழுக்க நான் அளந்தது அந்த ஓட்டை வழியாக ஏறிய ஆவியைத்தான். வயரைச் சுற்றி ரப்பர் வளையமும் டேப்பும் கட்டாயம்.

---

கைமரம் | 22 நவம்பர் 2023

ஓம்விதி தம்பி சொன்னது எல்லாம் சரி. ஆனால் சர்க்யூட் செய்யத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காக, பழைய கட்டடங்களைப் பராமரிப்பவர்கள் செய்யும் ஒரு முறை.

12 மிமீ குறுக்களவில் பைன் உருளைத்தடி வாங்கி 50 மிமீ நீள முளைகளாக வெட்டுங்கள். சமையல் ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே, எடை குறைவது நிற்கும் வரை உலர்த்தி நகைத் தராசில் நிறுங்கள். ஒவ்வொன்றும் 2.8 கிராம் அளவில் வரும். எண் எழுதி, கைமரத்தில் சரியான அளவில் துளையிட்டு உள்ளே வையுங்கள். சில வாரத்தில் முளை மரத்தின் ஈரத்துக்கு வந்துவிடும். மாதம் ஒருமுறை எடுத்து, கைச்சூடு பட்டுக் காயும் முன் எடை பார்த்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். உலர்ந்தபோது 2.85 கிராம் இருந்த முளை இப்போது 3.42 என்றால் 20%. இதற்கு பேட்டரியும் வேண்டாம், வெப்பத் திருத்தமும் வேண்டாம்.

எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. கைக்கு எட்டுகிறது என்று கைமரத்தின் கீழ்ப்பக்கத்தில் வைத்தால் வீட்டு வெப்பத்தில் 12% காட்டி ஏமாற்றும். ஃபெல்ட்டிலிருந்து 10, 15 மிமீக்குள், குளிர்ந்த விளிம்பில் வையுங்கள். வடக்குச் சரிவில் முகட்டுக்குக் கீழே ஒன்று, ஏனென்றால் சூடான ஈரக்காற்று மேலேதான் ஏறும். குளியலறைக்கு மேல் ஒன்று. சுவரில் கைமரம் உட்காரும் அடிப்பகுதியில் ஒன்று. புகைபோக்கிக்குப் பக்கத்தில் ஒன்று. தெற்கில் ஒன்று, ஒப்பிட.

---

பனிநகர் | 23 நவம்பர் 2023

நான் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே ஜனவரியில் மைனஸ் 20 வரை போகும். எங்கள் அட்டிக்கில் (கூரைக்கு அடியில் உள்ள வெற்றிடம்) ஓடு அடிக்கும் பலகையின் ஆணி நுனிகள் எல்லாம் வெள்ளை வெள்ளையாக உறைந்து நிற்கும். மார்ச்சில் ஒருநாள் வெயில் அடித்ததும் அவ்வளவும் ஒரேயடியாக உருகி மேல்மாடி சீலிங்கில் சொட்டியது. கூரை ஒழுகுகிறது என்றே நினைத்தோம். கடைசியில் அட்டிக் மூடிக்கு ரப்பர் ஓரம் இல்லாததுதான் காரணம்.

தெற்குஹாரோ தம்பி, ஆவி பிளாஸ்டர்போர்டு ஊடாக ஊறி வருவதை விட ஓட்டை வழியாகக் காற்றோடு வருவதுதான் பல மடங்கு. கனடாவில் கட்டட வேலைக்காரர் எல்லோரும் காட்டும் கணக்கு ஒன்று இருக்கிறது. 4க்கு 8 அடி பிளாஸ்டர்போர்டு ஒன்றின் ஊடாக ஒரு குளிர்காலம் முழுக்க ஊறுவது மூன்றில் ஒரு குவார்ட்டு தண்ணீர். அதே பலகையில் ஒரு சதுர அங்குல ஓட்டை இருந்தால் 30 குவார்ட்டு. ஒரு குவார்ட்டு என்பது கிட்டத்தட்ட ஒரு லிட்டர். உங்கள் வீட்டு லைட் ஓட்டைகளை எண்ணிப் பாருங்கள்.

இங்கே சீலிங்குக்கு மேலே 6 மில் (சுமார் 0.15 மிமீ தடிப்பு) பாலித்தீன் போடாமல் யாரும் வீடு கட்டுவதில்லை. நீங்களும் அதைப் போட்டால் முடிந்தது.

---

கைமரம் | 23 நவம்பர் 2023

தங்கச்சி, ஓட்டை விஷயத்தில் நீங்கள் சொல்வதை நூற்றுக்கு நூறு ஏற்கிறேன். பாலித்தீனில்தான் எனக்குத் தயக்கம். உங்கள் அட்டிக்கில் மேலே திறந்த காற்றோட்டம் இருக்கிறது, மரம் அந்தப் பக்கம் காயும். இந்தக் கூரையில் மேலே தார் ஃபெல்ட், நடுவில் இடைவெளி இல்லை. கீழேயும் பாலித்தீன் போட்டால் கைமரம் இரண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். கோடையில் வெயில் பட்டு ஓடு சூடாகும்போது ஆவி உள்பக்கம் தள்ளப்படும். இப்போது அது பிளாஸ்டர்போர்டு வழியாக அறைக்குள் வந்து காய்கிறது. அந்தத் தெற்குச் சரிவு பிழைத்திருப்பதே அதனால்தான் என்று நினைக்கிறேன். 50 மிமீ இடைவெளி கிடைத்த பிறகு பாலித்தீன் போடலாம். அதற்கு முன் வேண்டாம்.

---

பனிநகர் | 23 நவம்பர் 2023

விளங்குகிறது அண்ணை. மேலே மூடியிருப்பதை நான் யோசிக்கவில்லை.

---

புதுவீடு | 2 டிசம்பர் 2023

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் பார்க்கும் ஒரு வீட்டில் ஓட்டின் அடியில் நேராக ஸ்ப்ரே ஃபோம் (இன்சுலேஷன் நுரை) அடித்திருக்கிறார்கள். லாஃப்ட் கதகதப்பாக இருக்கிறது, பார்க்கச் சுத்தமாகவும் இருக்கிறது. அதிலும் இப்படி ஊசி வைத்துப் பார்க்கலாமா?

---

கைமரம் | 2 டிசம்பர் 2023

அடித்த பிறகு மரத்தைப் பார்க்கவும் முடியாது, குத்தவும் முடியாது. அதுதான் பிரச்சினையே. பிரிட்டனில் பல வங்கிகள் அந்த மாதிரி வீட்டுக்கு அடமானக் கடன் தர மறுப்பதும் இதனால்தான். வாங்குவதென்றால் கட்டடத்தைச் சோதிக்கும் சுயாதீன சர்வேயர் ஒருவரை வைத்து, சில இடத்தில் ஃபோமை வெட்டி மரத்தைக் காட்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் நான் வாங்க மாட்டேன்.

---

தெற்குஹாரோ | 14 ஜனவரி 2024

எல்லோருக்கும் நன்றி. கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொருத்தி முடித்தேன். கைமரம் அண்ணை சொன்ன ஐந்து இடத்திலும் ஆணி ஜோடி, குளியலறைக்கு மேலும் தெற்கிலும் காற்றுச் சென்சார். ஐந்து முளையும் வைத்திருக்கிறேன். குத்தூசி எல்லா இடத்திலும் இரண்டு மில்லிமீட்டரோடு நின்றது. புகைபோக்கிப் பக்கம் மட்டும் கை முழுதாக எட்டவில்லை, கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டே அளவு எடுத்தேன்.

வெப்பத் திருத்தம் செய்த பின் மர அளவுகள்: வடக்கு முகடு 25, குளியலறை மேல் 27, வடக்கு அடிப்பகுதி 21, புகைபோக்கி 24, தெற்கு 16.

என்னைத் தூங்கவிடாதது காற்றுச் சென்சார். குளியலறைக்கு மேலே சாதாரணமாக 6 டிகிரி, 96%. காலை ஆறரைக்கு அது பத்து நிமிடத்தில் 9 டிகிரி, 98%க்குப் போகிறது. ஏழேகால் வரை நின்று மெல்ல இறங்குகிறது. இரவு எட்டரைக்குத் திரும்பவும் அதே. ஆனால் சனி, ஞாயிறு காலையில் ஏற்றம் ஒன்பதரைக்குத்தான் வருகிறது!

---

ஓம்விதி | 14 ஜனவரி 2024

உங்கள் வீட்டில் யார் எப்போது குளிக்கிறார்கள்?

கணக்கைப் பாருங்கள். சதவீதத்தை விட்டுவிட்டு ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை கிராம் தண்ணீர் என்று மாற்றினால் தெளிவாகும். 6 டிகிரியில் 96% என்பது 7 கிராம். 9 டிகிரியில் 98% என்றால் 8.6 கிராம். சதவீதத்தில் இரண்டு புள்ளிதான் மாற்றம், கண்ணில் படவே படாது. உண்மையில் கால் பங்கு தண்ணீர் கூடியிருக்கிறது. வெளியே 3 டிகிரி, 88% என்று வைத்தால் 5.2 கிராம்தான். ஆகவே இந்த ஈரம் வெளியிலிருந்து வரவில்லை.

அதோடு வெப்பமும் 3 டிகிரி ஏறுகிறது. பிளாஸ்டர்போர்டு ஊடாக ஊறினால் இவ்வளவு வேகமாகச் சூடு ஏறாது. சூடான காற்று நேரடியாக அங்கே கொட்டுகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தீர்களா?

---

தெற்குஹாரோ | 21 ஜனவரி 2024

இன்று காலை ஃபேனைக் கழற்றினேன். நெளிகுழாய் சரிவுக்குள் ஒரு அடி ஏறி அங்கேயே கழன்று கிடக்கிறது. ஓட்டில் அதற்கான வெளிவாசல் இருக்கிறது, இடையில் இணைப்பு இல்லை. இணைத்த டேப் காய்ந்து உதிர்ந்திருக்கிறது. எத்தனை வருடமாகவோ நாங்கள் குளிக்கும்போதெல்லாம் ஃபேனைப் போட்டு, நீராவி முழுவதையும் கைமரத்தின் மேல் ஊதியிருக்கிறோம். ஃபேன் போட்டால் நல்லது என்று பிள்ளைகளைக் கண்டித்துக்கூடப் போட வைத்தேன்.

நெளிகுழாயை எடுத்துவிட்டு விறைப்பான குழாய் போட்டு, கிளிப் இறுக்கி, குளிர்ந்த பகுதியில் இன்சுலேஷன் சுற்றிவிட்டேன். லைட் ஓட்டைகளையும் காற்றுப் புகாத வகையாக மாற்றினேன்.

---

காளான் | 22 ஜனவரி 2024

மிக நல்ல வேலை. இப்போது ஈரநீக்கி வாங்கி வைத்து அவசரமாகக் காய வைக்கத் தோன்றும். அறைக்குள் ஓடும் இயந்திரம் பஞ்சுக்கு மேலே உள்ள மரத்தை எட்டாது. ஏப்ரல் வரை பொறுங்கள்.

---

தெற்குஹாரோ | 9 ஜூன் 2024

நீண்ட நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். காலை ஆறரை ஏற்றம் ஃபேனைச் சரிசெய்த மறுநாளே நின்றுவிட்டது. மர அளவுகள் மார்ச் நடுவிலிருந்து இறங்கின. இன்று வடக்கு முகடு 15, குளியலறை மேல் 16, அடிப்பகுதி 15, தெற்கு 11. முளை எடைகளும் ஒரு புள்ளிக்குள் ஒத்துப்போகின்றன.

ஆனால் புகைபோக்கிப் பக்கம் இன்னும் 23. முளையை நிறுத்தால் 24. வரைபடத்தை மழையோடு வைத்துப் பார்த்தேன். பெரிய மழைக்கு மறுநாள் ஏறுகிறது, ஒரு வாரம் காய்ந்தால் ஒரு புள்ளி இறங்குகிறது, அடுத்த மழையில் திரும்பவும். குளிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

---

காளான் | 9 ஜூன் 2024

இதைத்தான் நவம்பரில் பயந்தேன். இப்போது அந்த மரம் 20 டிகிரிக்கு மேல் இருக்கும். இனிக் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே திறந்து பாருங்கள்.

---

கைமரம் | 10 ஜூன் 2024

புகைபோக்கியும் கூரையும் சேரும் இடத்து ஈயத் தகட்டைப் பாருங்கள், தம்பி. நீளமான ஒரே துண்டாகப் போட்டிருந்தால் வெயிலில் விரிந்து சுருங்கி நடுவில் வெடித்திருக்கும். செங்கல் இடுக்கில் பூசிய சாந்து விழுந்திருந்தாலும் தண்ணீர் தகட்டுக்குப் பின்னால் இறங்கும். நீங்கள் ஏறாதீர்கள். ஏணியோடு ஆளைக் கூப்பிடுங்கள்.

---

தெற்குஹாரோ | 22 செப்டம்பர் 2024

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஈயத் தகடு நடுவில் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த கைமரத்தில் குத்தூசி 8 மிமீ இறங்கியது, ஒரு முழம் நீளத்துக்கு. டிசம்பரில் நான் கண்ணாடி வைத்துப் பார்த்த இடத்துக்குச் சரியாக மறுபக்கம். இற்ற பகுதியை வெட்டி எடுத்து, நல்ல மரம் இருக்கும் இடம் வரை பக்கத்தில் புதுக் கைமரம் சேர்த்து போல்ட் போட்டார்கள். தகட்டைச் சிறு துண்டுகளாகப் புதிதாக வைத்தார்கள். மற்றக் கைமரங்கள் எல்லாம் உறுதியாக இருக்கின்றன. கூரையைப் பிரிக்கவில்லை.

ஆட்கள் வந்திருந்தபோதே குளியலறைச் சரிவின் பிளாஸ்டர்போர்டையும் எடுத்துவிட்டேன். நனைந்த பஞ்சை வெளியேற்றி, கைமரங்களுக்கு நடுவில் 50 மிமீ விறைப்பான இன்சுலேஷன் பலகை, அதற்கு மேல் 50 மிமீ காற்றுவெளி, கைமரத்துக்குக் கீழே இன்னொரு 50 மிமீ பலகை, பிறகு மூட்டெல்லாம் டேப் ஒட்டிய பாலித்தீன். கீழ் விளிம்பிலும் முகட்டுப் பக்கமும் காற்றுவழி வைத்த ஓடுகள். பனிநகர் அக்கா கேட்ட பாலித்தீனும் ஆயிற்று, அண்ணை கேட்ட இடைவெளியும் ஆயிற்று. தெற்குச் சரிவை இந்த வருடம் தொடவில்லை, அங்கே 11ஐ விட்டு அசையவில்லை.

புதுக் கைமரம் இன்று 17, மற்றவை 13, 14. சென்சார் ஐந்தும் அப்படியே இருக்கும். முளைகளை நவம்பர் முதல் ஞாயிறு திரும்ப நிறுப்பேன்.

ஒரு கேள்வி மட்டும். புதுப் பிளாஸ்டர்போர்டில் முளைக்காகக் கை விடும் வழி ஒன்று விட்டிருக்கிறேன், உள்ளங்கை அகலம். அதை எதனால் மூடுவது?

---

கைமரம் | 22 செப்டம்பர் 2024

கடையில் பிளம்பிங் வேலைக்கு விற்கும் திறப்பு மூடி வாங்குங்கள், சட்டத்தோடு வரும். சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டி, பாலித்தீனை அந்தச் சட்டத்தோடு சேர்த்து டேப் போடுங்கள். மூடிக்குப் பின்னால் அதே அளவில் ஒரு துண்டு விறைப்புப் பலகையையும் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் குளிர்ந்து மூடியிலேயே தண்ணீர் நிற்கும்.

நவம்பர் எடையை இங்கேயே போடுங்கள், தம்பி. பார்த்துக்கொண்டிருப்பேன்.